போன் கேமுக்கு அம்பு ஒட்டியவள்

விளையாடிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற வேலை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஒரே லெவலில் ஒரே இடத்தில் நாற்பது தரம் தோற்றுப் பார்த்தால்தான் அதுவும் வேலைதான் என்று விளங்கும்.

நான் அந்த வேலைதான் செய்கிறேன். கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில், போனிலும் டப்லெட்டிலும் விளையாடுகிற கேம்களைச் செய்கிற சின்ன அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கே செய்த கேம் வெளியே போகுமுன் அது சரியோ பிழையோ என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. எனக்கு அறுபத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். இதற்கு முன் ஆடைத் தொழிற்சாலையில், தைத்து வருகிற சட்டைகளைத் தரம் பார்க்கிற மேசையில் நின்றேன். கால் வீங்கி, நின்று வேலை செய்ய ஏலாமல் விலகினேன். இங்கே என்னோடு இருப்பவர்கள் இரண்டே பேர். துஷாந்தினி படம் கீறுவாள், முடிவும் எடுப்பாள். கஜன் அந்தப் படங்களை ஓடவும் குதிக்கவும் வைப்பான். என் பெயர் மலர்; இரண்டு பேரும் மலரன்ரி என்பார்கள்.

நான் சேர்ந்த நேரம் பிள்ளைகள் இருவரும் ஓர் இக்கட்டில் இருந்தார்கள். கேம்களை வாங்கி வெளியிடுகிற கொழும்பு நிறுவனம் ஒன்று, இவர்கள் செய்கிற மூன்று கேம்களைப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தது. முதல் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதும் திரும்பி வந்தால் மேல்மாடியைப் பூட்டித் திறப்பை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, துஷாந்தினி கொழும்பில் வேலை தேடுவது, கஜன் கட்டாருக்குப் போவது என்று பேசி முடித்திருந்தார்கள். நான் வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

பிறர் வருந்திச் செய்ததில் குறை கண்டுபிடித்துப் பிழைக்கிறவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். விடைத்தாள் திருத்துகிறவர்கள், நெல்லை உள்ளங்கையில் கொட்டி ஈரம் பார்க்கிறவர்கள், கலியாண வீட்டில் பாயசத்தை முதலில் ருசி பார்க்க அனுப்பப்படுகிறவர்கள். என் கஷ்டம் உங்களுக்காவது விளங்கும்.

படலையடியில் கிடைத்த வேலை

துஷாந்தினியின் தாய் என்னோடு ஒரே மேசையில் நின்று சட்டை பார்த்தவ. அந்தப் பழக்கத்தில் துஷாந்தினி ஒருநாள் விசுவமடுவில் இருக்கிற என் வீட்டுக்கு டப்லெட்டும் கையுமாக வந்தாள். மாம்பழம் பொறுக்குகிற கேம் ஒன்றைத் திறந்து கையில் தந்து, "அன்ரி, விளையாடிப்போட்டு எப்பிடியிருக்கு எண்டு சொல்லுங்கோ" என்றாள். கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்த இரண்டாவது கேம் அதுதான். ஏன் திருப்பினார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, இவளுக்கும் பிடிபடவில்லை.

நான் விளையாடினேன். பிள்ளை எதிரே கதிரையில் நுனியில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கிற பிள்ளையிடம் என்னத்தைச் சொல்வது? "நல்லாயிருக்குப் பிள்ளை" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கிளம்பினாள். வேலிப் படலை வரை கூடப் போனேன். அவள் சைக்கிளில் ஏறி எனக்கு முதுகு காட்டிய பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. "பிள்ளை, அந்தக் கூடையின்ர இடப்பக்கக் கீழ்மூலையில தொட்டால் எடுக்குதில்லை. பதினொரு தரம் தொட்டனான், நாலு தரம்தான் எடுத்தது. மற்றது, பழம் விழுற சத்தம் பழம் விழுந்தாப் பிறகுதான் கேக்குது" என்றேன். சைக்கிள் நின்றது. அவள் திரும்பி, காலை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "நல்லாயிருக்கு எண்டதை எல்லாரும் சொல்லிப்போட்டினம் அன்ரி. நீங்கள் நாளைக்குக் காலமை வாங்கோ."

அம்பு

ஆடைத் தொழிற்சாலையில் யாரையும் பார்த்து "உன் தையல் பிழை" என்று சொல்லத் தேவையில்லை. சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஒட்டுத்தாள்கள் மேசையில் இருக்கும். பிழை இருக்கிற இடத்தில் ஒன்றை ஒட்டிவிட்டால் சட்டை தானாகத் திரும்பிப் போகும், திருந்தி வரும். கூச்சக்காரிக்கு அதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை. தொழிற்சாலையை விட்டு வரும்போது மிச்சம் கிடந்த ஒட்டுத்தாள் கட்டு ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தேன்.

முதல் நாள் கஜன் பழக்கத்துக்காக அந்த மாம்பழக் கேமையே போட்டுத் தனது போனை என்னிடம் தந்து, பிழை கண்டால் கூப்பிடச் சொல்லிவிட்டுக் காதுக்குள் கேட்பானை மாட்டிக்கொண்டு திரும்பி இருந்துவிட்டான். வேலை செய்கிற பிள்ளையைத் தட்டிக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. மரத்தின் கொப்பு ஒன்று வெட்டுப்பட்டுத் தெரிந்தது. அந்த இடத்தில் கண்ணாடியில் ஓர் அம்பு ஒட்டினேன். கூடை எடுக்காத மூலையில் ஓர் அம்பு. அடுத்த லெவலில் அணிலின் வால் அந்தரத்தில் நின்றது; அதற்கும் ஓர் அம்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கஜன் திரும்பிப் பார்த்தபோது போன் முழுக்கச் சிவப்பு. கீழே ஓடுகிற கேம் தெரியவில்லை. எந்த அம்பு எந்த லெவலுக்கு என்று அவன் கேட்க, எனக்கே தெரியவில்லை. படம் மாறும், அம்பு மாறாது என்பது அதுவரை என் மண்டையில் ஏறவில்லை.

நான் வெட்கத்தில் தேத்தண்ணீர் போடுகிற குசினிப் பக்கம் எழும்பிப் போக, அவன் சிரிக்கவில்லை. ஒவ்வோர் அம்பாக உரித்து மேசை விளிம்பில் ஒழுங்காக ஒட்டி வைத்தான். பிறகு கேமின் உள்ளேயே சிவப்பு அம்பு ஒன்றைச் செய்து தந்தான்; பிழையான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அங்கே அம்பு விழும், அந்தப் படத்தோடு சேர்ந்து அவனிடம் போய்விடும். அதற்குப் பிறகு பிழை சொல்ல நான் யாரையும் தட்டிக் கூப்பிடவேண்டி வரவில்லை. அதைத் தந்தபோது கஜன் சொன்னது: "அன்ரி, உங்கட சட்டை மேசையில அப்பிடியே கிடக்கும். இது ஓடுற சட்டை, அம்பும் கூட ஓடவேணும்."

பஞ்சு

என் விரலைப் போன் மதிப்பதில்லை. பல வருடம் நூலும் துணியும் தேய்த்து விரல் நுனி வழுக்கலாகிவிட்டது; வெயில் காலத்தில் காய்ந்தும் போகும். நான் தொடுவேன், போன் சும்மா கிடக்கும். ஆகவே நூல் கோர்க்கிற பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு விளையாடினேன். கஜன் அதைக் கண்டு முகத்தைச் சுளித்தான். அது அவனுடைய போன்.

அடுத்த நாள் போனால் என் மேசையில் வட்டமான சின்னக் கிண்ணம், அதற்குள் ஈரப்பஞ்சு. வங்கியில் காசு எண்ணுகிறவர்கள் வைத்திருப்பது போல. துஷாந்தினிதான் வைத்தாளாம். அதோடு அவள் விடவில்லை. கேமில் இருந்த எல்லாப் பொத்தான்களையும் பெரிதாக்கினாள். வெங்காயம் நடுகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், சீமெந்துக் கல் அரிகிறவர்கள் எல்லாருடைய விரலும் இப்படித்தானே இருக்கும் என்று அவள் கஜனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. எதற்குப் பிள்ளை இந்தக் கரைச்சல் என்று பஞ்சைக் காட்டிக் கேட்டேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஏன், காசு எண்ணுறவைக்கு மட்டும்தான் பஞ்சு வைக்கலாமோ?"

பஸ்ஸில்

சிக்னல் போய்ப் போய் வருகிற இடத்தில் கேம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கவேண்டும். அதற்கு அலுவலகத்துக்குள் இருந்து பயனில்லை. என் பஸ் பாதையில் சிக்னல் அறவே இல்லாத துண்டு ஒன்று இருக்கிறது. அதனால் வீட்டுக்குப் போகும் வழியில் விளையாடிப் பார்ப்பது என்று ஒழுங்கு.

பஸ்ஸில் விளையாடுகிற கிழவியை யாருக்கும் பிடிக்காது என்பதை முதல் நாளே கண்டுகொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் முதலில் என் போனைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா, கடைசியில் யன்னல் பக்கம் நகர்ந்து இருந்தா. "இது எனக்கு வேலை தங்கச்சி" என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டேன். சொன்னால் இன்னும் மோசம். தலையைக் குனிந்து விளையாடினேன். சிக்னல் போனது, கேம் உறைந்தது. சிக்னல் வந்தது, கேம் வரவில்லை. இது நல்ல பிழை. கண்டுபிடித்த சந்தோசத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, எல்லாத் தரமும் அப்படியே நடக்கிறது என்று உறுதி செய்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் வெளியே தெரிகிற கடைகள் என் ஊர்க் கடைகள் இல்லை. கொண்டக்டர் தம்பி கதவடியில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, விசுவமடு போய் உடையார்கட்டும் வந்திட்டுது. இறங்கமுதல் வெண்டீங்களோ தோத்தீங்களோ எண்டாவது சொல்லுங்கோ."

மூன்றாவது கேம்

மூன்றாவது கேமின் பெயர் வாய்க்கால். துஷாந்தினி அதற்கு உயிரைக் கொடுத்திருந்தாள். உங்களுக்கு ஒரு வயல் இருக்கும். பக்கத்தில் வாய்க்கால் ஓடும். வரம்பில் இருக்கிற மடையைத் தொட்டுத் திறந்தால் தண்ணீர் வயலுக்குள் பாயும், திரும்பத் தொட்டால் அடைபடும். எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோமோ அவ்வளவு நெல். நெல் கூடக் கூட அடுத்த லெவல். பச்சை நிறம் கண்ணுக்குள் நின்றது. தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குக் கால் நனைகிற மாதிரி இருந்தது. அம்பு ஒட்ட இடமில்லை.

ஆனால் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். முதல் இரண்டு லெவலும் எப்படியோ போனது. மூன்றாவதில் வயல் ஒவ்வொரு தரமும் காய்ந்து வெடித்தது. கஜன் பின்னால் வந்து நின்று பார்த்தான். வயல் நிரம்பியதும் நான் மடையை அடைக்கிறேன். அடைத்துவிட்டு விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் கேமில் வெயில் ஏறி வயல் காய்கிறது. "என்ன அன்ரி பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்?" என்றான். அவன் கேட்ட பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

எங்கள் குடியேற்றத்திட்டத்தில் எல்லா வயலுக்கும் ஒரே வாய்க்கால். மழையில்லாத சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். உன் வயல் நிரம்பினால் மண்வெட்டியால் மண்ணிழுத்து மடையை அடைத்துவிட்டு, வரம்பில் ஏறிக் கீழ்வயல்காரரைக் கூப்பிட்டுத் "தண்ணி வருது" என்று சொல்லவேண்டும். அங்கிருந்து "ஓம்" என்று பதில் வந்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். பதில் வராவிட்டால் நிற்கவேண்டும். யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து வந்து இங்கே காணி எடுத்த என் அப்பா அப்படித்தான் நின்றார். நானும் நின்றிருக்கிறேன். இப்போது ஐந்து அங்குலப் போனுக்குள் இல்லாத ஒரு கீழ்வயல்காரர் "ஓம்" சொல்வார் என்று மடியில் கை வைத்துக் காத்திருந்தேன். இதை இருவருக்கும் சொன்னபோது என் காது சுட்டது. கேமில் பிழையில்லை, பிழை என்னில்தான், அப்படியே கொழும்புக்கு அனுப்புங்கோ என்றேன். துஷாந்தினி என் கையில் இருந்து போனை வாங்கி, காய்ந்த வயலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அன்ரி, உங்களுக்கு மட்டுமோ, இல்லாட்டி உங்கட ஊர் முழுக்க இப்பிடித்தானோ?"

பொதுநோக்கு மண்டபத்தில்

அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியேற்றத்திட்டத்தின் பொதுநோக்கு மண்டபத்துக்கு இருவரும் போன்களோடு வந்தார்கள். நான் ஆறு பேருக்குச் சொல்லி வைத்திருந்தேன். எல்லாரும் வயல் செய்கிறவர்கள். கையில் போன் இருந்தாலும் கதைக்கவும் படம் பார்க்கவும் மட்டும் வைத்திருக்கிறவர்கள். விளையாட வேண்டும் என்றதும் சிரித்தார்கள். பிறகு தலைகள் போனுக்கு மேல் குனிந்தன. ஆறு பேரும் மூன்றாவது லெவலில் தோற்றார்கள். ஒருவர்கூட நிரம்பிய வயலின் மடையைத் திறந்தபடி விடவில்லை. ஒருவர் அடைத்ததும் போனைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பி வெற்றிலை போடப் போய்விட்டார். வேலை முடிந்துவிட்டதாம்.

கஜனுக்குப் பொறுக்கவில்லை. கொழும்புக்கு அனுப்ப வேண்டிய தவணைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. "மடையைத் திறந்தே வையுங்கோ எண்டு பெரிய எழுத்தில போட்டுவிடுவம், காணும்" என்றான். "இவ்வளவு பேரும் ஒரே மாதிரித் தோக்கிறது எழுத்துக்குத் திருந்தாது" என்றாள் துஷாந்தினி. கீழே ஒரு வயல் வைக்கவேண்டும், அதில் ஓர் ஆள் நிற்கவேண்டும் என்றாள். அப்படியென்றால் முழுக் கேமையும் திரும்பச் செய்யவேண்டும், தவணை தப்பினால் எல்லாம் போச்சு என்றான் அவன். இரண்டு பேரும் குரல் உயர்த்தி நான் அன்றுதான் கேட்டேன். என்னால் வந்த சண்டை. ஒரு மூலையில் நின்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். சண்டையை முடித்து வைத்தவர் வெற்றிலையோடு திரும்பி வந்த அந்தக் கமக்காரர்தான். கஜனின் தோளில் கை வைத்துச் சொன்னார்: "தம்பி, நிரம்பினாப் பிறகும் மடையைத் திறந்து வைச்சிருக்கிறவனுக்கு எங்கட ஊரில பொம்பிளை குடுக்கமாட்டம். நீ என்ன எழுதியும் போடு."

தண்ணீர்த் தொட்டி

கஜன் சாப்பாட்டையும் மறந்து திரும்பச் செய்தான். கீழே இன்னொரு வயல் வந்தது. அதில் தலையில் துவாய் கட்டிய ஒரு மனிசி வந்தா. உன் வயல் நிரம்பிய பிறகும் மடையை அடைக்காவிட்டால் அவவின் பயிர் வாடும், அவ உன்னைப் பார்த்து ஏசுவா. அடைத்தால் தண்ணீர் அவவிடம் போகும், உன் வயலும் காயாது. பின்னுக்கு உன் வரம்பு உடைகிற லெவலில் மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பது அவதான். எனக்கு அது கண்ணுக்குள் நின்றது. அம்பு ஒன்றே ஒன்றுதான் போட்டேன்: மண்வெட்டிப் பிடி நீளம் போதாது.

பிறகு, அந்த மனிசிக்குக் குரல் வேண்டும், அது நான்தான் என்றார்கள். நான் ஏலாது என்றேன். தொழிற்சாலையிலும் சத்தம் போட்டுக் கதைத்தவள் இல்லை. துஷாந்தினி ஒலிவாங்கியைப் பிடிக்க, "காணும், மடையை அடை" என்று சொல்லிப் பார்த்தேன். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது போல வந்தது. மூன்று தரம் முயன்று விட்டுவிட்டேன். கஜன் எழும்பி வெளியே போனான். கொஞ்சத்தில் மாடிப் பின்பக்கத் தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. துஷாந்தினி எழும்பவில்லை. தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நான் போய்ப் பார்த்தால் கஜன் திறந்த பைப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிறான். எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. "டேய்! நிரம்பினது தெரியேல்லையோ? மற்றவனுக்குத் தண்ணி வேண்டாமோ? அடையடா!" என்று கத்தினேன். கீழே மருந்துக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கஜன் பைப்பைப் பூட்டிவிட்டுச் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தான். அது பதிவு செய்துகொண்டிருந்தது.

அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்றான். போட்டுக் காட்டினான். அது என் குரலா என்று நானே யோசித்தேன். கீழ்வயலில் நிற்கிற எவரும் அப்படித்தான் கத்துவார்கள். இருக்கட்டும் என்றேன். ஆனால் பின்னணியில் பைப்புச் சத்தம் கேட்கிறது, அது பிழை, எடுக்கவேண்டும் என்றும் சொன்னேன். கஜன் துஷாந்தினியைப் பார்த்துச் சொன்னான்: "பாத்தீரோ, ஏசின வாய் காயமுதல் அம்பும் போட்டிட்டா."

கொழும்பில் இருந்து

தவணைக்கு ஒரு நாள் முன்னால் கேம் போனது. பிறகு ஒன்றும் வரவில்லை. துஷாந்தினி கணினியைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். கஜன் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துவிட்டு வந்தான். நான் ஈரப்பஞ்சை மாற்றி மாற்றி நனைத்துக்கொண்டிருந்தேன். விளையாடிப் பார்க்க ஒரு கேமும் இல்லை.

அழைப்பு வந்தபோது மூன்று பேரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றோம். பேசியவர் அந்த நிறுவனத்தில் கேம்களைத் தெரிவு செய்கிற பாரூக் என்பவர். முதலில் குறைகளைச் சொன்னார்: ஐந்தாவது லெவல் நீளம், மாடு நடக்கிற விதம் சரியில்லை. ஒவ்வொன்றுக்கும் துஷாந்தினியின் கை என் கையை இறுக்கியது. பிறகு அவர் சிரித்தார். "எங்கட ஒஃபீஸ்ல நாலு பேர் அந்தம்மாகிட்ட ஏச்சு வாங்கிட்டாங்க. நானும் ரெண்டு தரம் வாங்கினேன். வயல் எப்படியிருக்கும்னே தெரியாத ஆக்கள் நாங்க, ஆனா ஏச்சு விளங்கிச்சு. எடுக்கிறோம்" என்றார். கஜன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். துஷாந்தினி என் தோளில் முகத்தை வைத்தாள். போனுக்குள் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்: "ஒரு பெரிய குறை மட்டும் இருக்கு. பிழை செஞ்சா அந்தம்மா ஏசுறாங்க. சரியாச் செஞ்சா ஒரு வார்த்தை நல்லதாச் சொல்றாங்களா?"

ஒரு நல்ல வார்த்தை

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது. தரம் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் இது விளங்கும். சரியாக வந்த சட்டையை நாங்கள் ஒன்றும் சொல்லாமல் மற்றப் பக்கம் தள்ளிவிடுவோம். அம்பு இல்லாததுதான் எங்கள் பாராட்டு. இந்த மேல்மாடிக்கு வந்த நாள் தொடக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை அம்பு போட்டிருப்பேன், கணக்குச் சொல்ல என்னால் முடியும். நல்ல வார்த்தை சொன்னதாக நினைவில்லை. பஞ்சு வைத்ததற்கும் சொல்லவில்லை, ஓடுகிற அம்பு செய்து தந்ததற்கும் சொல்லவில்லை, என் பிழை ஒன்றுக்காக முழுக் கேமையும் திருப்பிச் செய்ததற்கும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே பதிவு செய்தோம். இந்தத் தரம் யாரும் பைப்பைத் திறக்கத் தேவைப்படவில்லை. துஷாந்தினி ஒலிவாங்கியைப் பிடித்தாள், கஜன் பக்கத்தில் நின்றான். நான் ஒருத்தியைப் பார்த்து, மற்றவனைப் பார்த்து, "நல்லாயிருப்பீங்கள் பிள்ளையள்" என்றேன். முதல் தரத்திலேயே சரி. பைப்புச் சத்தம் இல்லை, வேறு குறையும் இல்லை; மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று கடைசியில் கேட்டது, அது என்னுடையது அல்ல. துஷாந்தினி அதை வெட்டி எடுத்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்: "அன்ரி, விளையாடுறது ஓராள்தானே. ஏன் பிள்ளையள் எண்டு சொன்னனீங்கள்?"

திரும்பவும் பஸ்ஸில்

கேம் வெளியே வந்து கொஞ்சக் காலத்தின் பின் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். மேல்மாடி பூட்டப்படவில்லை; கஜனின் கடவுச்சீட்டுப் படங்களில் ஒன்று என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது; நான்காவது கேமுக்கு அம்பு போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன் இருக்கையில் சந்தைக்குப் போய்த் திரும்புகிற ஒருவர், காலடியில் வெறும் சாக்குகள். பரந்தன் தாண்டியதும் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"டேய்! நிரம்பினது தெரியேல்லையோ? மற்றவனுக்குத் தண்ணி வேண்டாமோ? அடையடா!" என்று என் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. நித்திரையில் இருந்தவர்கள் விழித்தார்கள். கொண்டக்டர் தம்பி எட்டிப் பார்த்தான். அந்த மனிதர் அவசரமாக மடையை அடைத்தார். "நல்லாயிருப்பீங்கள் பிள்ளையள்" என்றது போன். அவர் முகம் இளகியது. போனைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "ஏச்சு வீட்டிலயும் கிடைக்குது அண்ணை. அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் இதை விளையாடுறனான்."

காலம் முழுக்கச் சட்டைப்பைகளை வெளியே நின்று தரம் பார்த்தவள் இப்போது குரலாக அவற்றுக்குள் இருந்துகொண்டு ஊராரை ஏசுகிறேன். உள்ளே இருந்து பார்த்தாலும் தையல் பல இடத்தில் சரியில்லை.